வேலூர் வெயிலில் யர்ட் கூடாரம்: வாங்கும் முன் மாற்ற வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருப்பதால், வார இறுதியில் பண்ணையில் வந்து தங்குவோரை நம்பி முதல் போடலாமா என்று வேலூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கத்து இயற்கை விவசாயிகள் யோசிக்கிறார்கள். அந்தப் பேச்சில் அதிகம் அடிபடும் பெயர் யர்ட். வட்டச் சுவர், கூம்புக் கூரை, உச்சியில் ஒரு வளையம். மின்வாரியக் கம்பி வேண்டாம், கான்கிரீட் வேண்டாம், பிடிக்காவிட்டால் கழற்றி எடுத்துவிட்டுக் கொல்லையை மறுபடி உழலாம் என்று சொல்லி முழுத் தொகுப்பாகவே விற்க வருகிறார்கள். யோசனை நல்லதுதான். வருகிற தொகுப்பை அப்படியே வாங்கி நட்டுவிடுவதுதான் தவறு. அது நம் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் செய்த பொருளே அல்ல. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதை, கூடாரம் கட்டுவதிலும் இயற்கை விவசாயத்திலும் பழகியவர்கள் என்ற முறையில் உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

யர்ட் என்பது துருக்கிய மொழிச் சொல். மங்கோலியர் இதைக் கெர் என்கிறார்கள். ஆடு, குதிரைகளோடு மேய்ச்சல் தேடி இடம் மாறும் மக்களின் வீடு இது. மங்கோலியக் கெர் கட்டும் தொழிலை 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆண்டே கிர்கிஸ், கசாக் மக்களின் யர்ட்டும் அதில் சேர்ந்தது. கிர்கிஸ்தான் நாட்டுக் கொடியின் நடுவில் இருப்பதும் இந்தக் கூடாரத்தின் உச்சி வளையம்தான். அங்கே குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கும். காற்று அதிகம், மழை குறைவு. அதனால் செம்மறிக் கம்பளியை அடித்துச் செய்த கனமான விரிப்பால் சுவரையும் கூரையையும் போர்த்தி, நடுவில் அடுப்பு மூட்டி, புகையை உச்சி வளையம் வழியே விடுகிறார்கள். உள்ளே உண்டாகும் சூட்டை வெளியே விடாமல் காப்பதே அந்த வீட்டின் வேலை. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்.

வெயிலில் நிற்கும் கேன்வாஸ் கூரை, ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும், தலைக்கு மேல் அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். காற்றின் சூடு வேறு, கூரையிலிருந்து இறங்கும் அனல் வேறு. ஃபேன் முதலாவதைத்தான் தாங்கக் கூடியதாக்கும். இரண்டாவதைத் தடுக்கக் கூடாரத்துக்கு மேல் தனியாக ஒரு நிழல் வேண்டும். நம் பக்கத்துக் கல்லுக்கால்களை வட்டமாக ஆறோ எட்டோ நட்டு, சவுக்குக் கம்பு கட்டி, 75 விழுக்காடு நிழல்வலையைக் கூரைக்கு 2 அடி மேலே இழுத்துக் கட்டினால் போதும். அந்த 2 அடி இடைவெளியில் காற்று ஓட வேண்டும். வலை கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை. தென்னங்கீற்று இன்னும் குளிர்ச்சி தரும். ஆனால் தீப்பிடிக்கும் அபாயம் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் அரை மணியில் அவிழ்த்து மடிக்கவும் முடியாது. வலையை இரண்டு பேர் அவிழ்த்துவிடலாம். கேன்வாஸ் துணியை மட்குவதற்கு முன்பே கிழிய வைப்பது வெயில்தான் என்பதால், மேலே வலை இருந்தால் கூரையின் ஆயுளும் கூடும்.

தொகுப்பில் நட்சத்திரம் பார்க்க என்று உச்சி வளையத்துக்கு ஒரு பாலிகார்பனேட் குமிழ் மூடி தருவார்கள். குளிர் நாட்டில் அது வெளிச்சமும் சூடும் தரும். இங்கே பகல் 11 மணிக்கு மேல் உள்ளே அடுப்பு வைத்தது போலாகிவிடும். அதற்குப் பதில், வளையத்திலிருந்து 9 அங்குலம் தூக்கி, சுற்றிலும் ஓரடி வெளியே நீளும் ஒரு குடை மூடி போடச் சொல்லுங்கள். இடைவெளியைக் கொசுவலையால் அடைத்து, சாரல் மழைக்கு உள்பக்கம் இறக்கிவிட ஒரு மடிப்புத் துணி வைத்தால் சரி. சுவர்த் துணி கீழிருந்து 4 அடி வரை சுருட்டி மேலே கட்டும்படி இருக்க வேண்டும். அதன் உள்ளே நிரந்தரக் கொசுவலை. கீழே குளிர்ந்த காற்று நுழைய, சூடான காற்று உச்சி வழியே வெளியேறும். ஃபேன் இல்லாமலே நடக்கும் வேலை இது. சுவர் சுருட்டும்படி தைக்கப்படாத யர்ட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த மாவட்டத்தில் யாரும் வாங்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்தாலும் அக்னி நட்சத்திரத்தில் பகல் நேரத்துக்கு இது தங்கும் இடம் ஆகாது. வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. வெளியே இருக்கும் காற்றைவிட உள்ளே குளிர்ச்சியாக வைக்கத் துணிச் சுவரால் முடியாது. ஏசி போடலாமே என்பார்கள். ஒரு டன் ஏசி இரவு 8 மணி நேரம் ஓட 5, 6 யூனிட் வேண்டும். அதற்கு 2 கிலோவாட் சோலார் பலகையும், கூடாரத்தின் விலையில் பாதியை விழுங்கும் மின்கலமும் தேவை; குளிர்ந்த காற்று முழுவதும் துணி வழியே கசிந்து போகும். சித்திரை, வைகாசியில் மூடிவைப்பதே சரி. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் காற்றழுத்தம் உருவானால் அந்த நாட்களுக்கும் முன்பதிவை ரத்து செய்ய வேண்டியிருக்கும். ஆகவே ஆண்டுக்கு 300 இரவு நிரம்பும் என்று போட்டுத் தரும் வருவாய்க் கணக்கை வங்கிக்குக் கொண்டுபோகாதீர்கள். 120 இரவுக்கு மேல் போடக் கூடாது என்பது எங்கள் கருத்து. அந்தக் கணக்கில் தவணை கட்ட முடியாவிட்டால் திட்டமே வேண்டாம்.

இனி கூடாரத்தின் சட்டகம். இரண்டு பேர் தங்க 16 அடி விட்டம் போதும். 200 சதுர அடி கிடைக்கும். சுவர் உயரம் 6 அடி, உச்சி வளையம் 4 அடி விட்டம் என்று வைத்தால், சுவரிலிருந்து வளையம் வரை கிடைமட்டத் தூரம் 6 அடி. மங்கோலியக் கெர்ரின் கூரை தாழ்வான சரிவு உடையது. நம் மழைக்கு 30 டிகிரிக்குக் குறையக் கூடாது. அந்தச் சரிவுக்கு வளையம் சுவரைவிட மூன்றரை அடி உயரத்தில் நிற்கும். கூரைக் கம்பு ஒவ்வொன்றும் பொருத்துமிடம் தவிர 7 அடி நீளம். 36 கம்பு போட்டால் சுவர்த் தலையில் ஏறக்குறைய 17 அங்குல இடைவெளி. சரிவு குறைந்தால் மழைநீர் இரண்டு கம்புகளுக்கு நடுவே தேங்கி, துணி தொட்டில் போலத் தொங்கி, அந்த எடைக்கே தையல் பிரியும்.

சுவர் என்பது குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய மூங்கில் பட்டைகளின் பின்னல். கடைகளின் மடக்குக் கம்பிக் கதவு போல விரியும், சுருங்கும். கல் மூங்கில் உறுதியானது. மூன்று வயதுக்குக் குறையாத மூங்கிலைப் பிளந்து, ஒன்றேகால் அங்குல அகலத்தில் சீவ வேண்டும். பச்சை மூங்கிலில் மாவுச்சத்து இருக்கும். அதைத் தின்னத்தான் வண்டு வருகிறது. பட்டைக்குக் கீழே வெள்ளை மாவு கொட்டுவதைப் பார்த்த பிறகு மருந்தடித்துப் பயனில்லை. 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெங்காரமும் (போராக்ஸ்) 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, சீவிய பட்டைகளை ஒரு வாரம் முழுக மூழ்கவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். கேரம் பலகையில் தூவுகிற பவுடர்தான் போரிக். ஆனால் மீந்த கரைசலைக் கழனிப் பக்கம் கொட்டிவிடாதீர்கள். அதிலுள்ள போரான் மண்ணில் சேர்ந்தால் பயிரின் இலை ஓரம் கருகும். அடுத்த கூடாரத்துக்கு அதையே வைத்துக்கொள்ளலாம்.

பின்னலின் முடிச்சுகளை அந்த நாட்டில் தோல் வாரால் கட்டுவார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்திலேயே இருந்தாலும் நமக்குத் தோல் வார் வேண்டாம். அடைமழையில் பூஞ்சை பிடிக்கும், எலியும் கடிக்கும். 6 மில்லிமீட்டர் போல்ட்டும் இருபுறம் வாஷரும் போட்டு, விரித்துச் சுருக்க இடம்விட்டு முடுக்கினால் போதும்.

இந்தச் சட்டகத்தில் உயிர்நாடி ஒன்றுதான். கூரைக் கம்புகள் ஒவ்வொன்றும் சுவரின் தலையை வெளிப்பக்கமாகத் தள்ளுகின்றன. அந்தத் தள்ளலைத் தாங்குவது சுவர்த் தலையைச் சுற்றி இறுக்கிய ஒரு கம்பிக்கயிறு. பீப்பாய்க்கு இரும்பு வளையம் எப்படியோ அப்படி. 16 அடிக் கூடாரத்துக்குச் சுற்றளவு 50 அடி. துத்தநாகம் பூசிய 6 மில்லிமீட்டர் கம்பிக்கயிற்றை, கதவு நிலையின் இரு பக்கமும் கோத்து, டர்ன்பக்கிள் என்ற திருகு கொக்கி போட்டு இறுக்க வேண்டும். கதவு நிலையை நிறுத்தி, பின்னலை விரித்து, கம்பிக்கயிற்றை இறுக்கிய பிறகே வளையத்தைத் தாங்குகாலில் ஏற்ற வேண்டும். பிறகு எதிரெதிராக நான்கு கம்புகள், அதன் பின் மற்றவை. கயிற்றைக் கடைசியில் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், பத்தாவது பன்னிரண்டாவது கம்பு ஏறும்போதே சுவர் மலர்ந்து, கனமான வளையம் கீழே நிற்பவர் தலையில் இறங்கும். கட்டி முடித்ததும் விட்டத்தை நான்கு திசையில் அளந்து பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அவிழ்த்துத் திருத்த வேண்டும். மூங்கில் உலர உலரக் கயிறு தளரும். ஒரு மாதம் கழித்து ஒரு முறையும், ஐப்பசிக்கு முன் ஒரு முறையும் மறுபடி முடுக்க வேண்டும். உச்சி சற்றே தாழ்ந்து, கதவு உரசத் தொடங்கினால் அது கதவின் குறையல்ல, கயிறு தளர்ந்ததன் அறிகுறி.

காற்று வட்டச் சுவரைச் சுற்றிப் போய்விடும் என்பது உண்மைதான். கூரையை மேலே தூக்குவதை அது நிறுத்தாது. மென்மண்ணில் அடித்த ஓரடி முளை மழையில் ஊறினால் கையாலேயே பிடுங்க வரும். 4 அடி நீளக் கல்லுக்கால் துண்டுகளை 3 அடி ஆழத்தில் படுக்கவைத்துப் புதைத்து, அதன் நடுவில் கட்டிய கம்பியை மேலே கொண்டுவந்து வளையத்தோடும் சுவரோடும் கட்ட வேண்டும். சுற்றிலும் எட்டு இடத்தில் போதும். பருத்திக் கயிறு மட்டும் வேண்டாம். நனைந்தால் சுருங்கி இழுக்கும், காய்ந்தால் தொளதொளக்கும்.

தளம் பற்றி ஒரே ஒரு பிழையைச் சொன்னால் போதும், ஏனென்றால் எல்லாரும் செய்வது அதுதான். கூடாரத்தைவிடத் தளத்தை ஓரடி அகலமாகப் போட்டுவிடுகிறார்கள், செருப்பு விட வசதி என்று. சுவரில் வழியும் மழைநீர் முழுவதும் அந்த விளிம்பில் விழுந்து, துணிக்கு அடியில் புகுந்து, கட்டில் கால் வரை வரும். தளம் கூடாரத்தின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். சுவர்த் துணி தளத்தின் விளிம்பைத் தாண்டி அரையடி கீழே தொங்க வேண்டும். செருப்புக்குக் கதவு முன்னால் தனியாக ஒரு கல் போடுங்கள். எங்கள் தேர்வு, ஒன்றரை அடி உயரத்துக்குக் கருங்கல் கட்டி, சரளை நிரப்பி, மேலே கடப்பைக் கல் பதித்த தளம். மரத் தளத்தைவிடப் பகலில் குளிர்ச்சி, அடியில் எலியும் பாம்பும் குடியிருக்க இடமில்லை. களிமண்ணால் நிரப்பக் கூடாது. நனைந்து உப்பி, காய்ந்து வெடித்துக் கல்லைத் தூக்கும்.

இங்கேதான் இயற்கை விவசாயம் என்ற சொல்லுக்குச் சோதனை வருகிறது. தளம் போடும்போது கரையானுக்கு என்று குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை ஊற்றுவது கொத்தனார்களுக்குப் பழக்கம். இயற்கை விவசாயச் சான்று பெற்ற பண்ணையில் அது கூடாது. இன்று ஊற்றினால் சான்றும் போகும், மண்ணும் கெடும். தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையின் ஆய்வாளர் வரும்போது கூடாரம் நிற்கும் இடமும் பண்ணைக்குள்தான் இருக்கிறது. கருங்கல் தளமும், வாரம் ஒரு முறை விளிம்பைச் சுற்றிப் பார்த்து மண் குழாய் ஏறியிருந்தால் தட்டிவிடுவதும் போதும். கொசுவுக்குப் புகை மருந்து அடிப்பதும் இதே கணக்குத்தான். ஓராண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டும், மா, தென்னை போன்றவற்றுக்கு மூன்று ஆண்டும், ரசாயனத்தை விட்டு மாறும் காலம் காத்திருந்து பெற்ற சான்றை ஒரு டப்பா மருந்துக்காக இழக்கக் கூடாது.

சோலார் கணக்கைப் பலகையிலிருந்து தொடங்காமல் பயன்பாட்டிலிருந்து தொடங்குங்கள். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, 10 மணி நேரம்: 600 வாட் மணி. 5 வாட் விளக்கு மூன்று, 5 மணி நேரம்: 75. கைபேசிகளுக்கு 60. ஆக 735. கம்பி, கன்ட்ரோலர், மின்கலத்தில் தேய்வதையும் சேர்த்து 1000 என்று வைத்துக்கொள்ளலாம். கார்த்திகை மூட்டத்தில் ஒரு நாளில் முழு வெயில் மூன்றரை மணி நேரம்தான் தேறும் என்று கொண்டால் 335 வாட் பலகை ஒன்று சரியாக இருக்கும். பலகையைத் தெற்கு பார்த்து 13 டிகிரி சாய்வில் வையுங்கள். வேலூரின் அட்சரேகை அதுதான். வெயில் ஏற ஏறப் பலகை கூடுதலாகத் தரும் என்று நினைக்க வேண்டாம். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 விழுக்காடு குறையும். மே மாதத்தில் பலகை 65 டிகிரிக்குக் காய்ந்தால் ஆறில் ஒரு பங்கு போய்விடும். பலகைக்கும் கீழே காற்றோட்டம் வேண்டும் என்பது அதனால்தான்.

இரண்டு மூட்ட நாட்களைத் தாங்க 25.6 வோல்ட் (24 வோல்ட் வகை), 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் போதும். 12 வோல்ட் மலிவு என்று போகாதீர்கள். 20 மீட்டர் தள்ளியிருக்கும் கூடாரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 120 வாட் கொண்டுபோனால், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓடி 1.8 வோல்ட் வழியிலேயே தேயும். ஃபேன் மெதுவாகச் சுற்றும். 24 வோல்ட்டில் அதே சுமைக்கு 0.9 வோல்ட்தான் தேயும். அடுத்து, மின்கலத்தை வைக்கும் இடம். தகரப் பெட்டியில் வெயிலில் வைத்தால் உள்ளே சூடு அளவு மீறும்போது மின்கலத்தின் காப்புச் சுற்று சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும். வெயில் கொளுத்தும் உச்சி வேளையில் சார்ஜ் ஏறவில்லையே என்று பலகையைச் சந்தேகப்படுவார்கள். குறை பெட்டியில் இருக்கிறது. வடக்குப் பார்த்த செங்கல் மாடம், மேலே கீற்று, கீழேயும் மேலேயும் காற்றுத் துளை என்றால் இந்தத் தொல்லையே இல்லை. கூடாரத்துக்குள் மட்டும் மின்கலம் வேண்டாம்.

இதோடு ஒன்று சொல்லியாக வேண்டும். மோட்டார் கொட்டாயிலிருந்து ஒரு கம்பி இழுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பயிருக்காக அரசு கொடுக்கும் இலவச மின்சாரத்தை விருந்தினர் தங்கும் இடத்துக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி முறைகேடான பயன்பாடு, அபராதம் வரும். குளிக்கிற தண்ணீரையும் சிறிய சோலார் மோட்டாரில் ஏற்றினால்தான் மின் இணைப்பு இல்லாத பண்ணை என்று சொல்வதில் உண்மை இருக்கும்.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பங்குனியில் அளந்து பாருங்கள், மார்கழியில் அல்ல. 20 அடி விட்டக் கிணற்றில் ஓர் அங்குலம் ஊறினால் ஏறக்குறைய 740 லிட்டர். இரவு முழுவதும் 6 அங்குலம் ஊறினால் 4,400 லிட்டர் சொச்சம். ஓர் ஏக்கர் காய்கறிக்கு நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் பாய்ச்ச 16,000 லிட்டர் வேண்டும். நான்கு விருந்தினர் வாளியில் குளித்தால் படுக்கைத் துணி துவைப்பதையும் சேர்த்து 500 லிட்டருக்குள் முடியும். ஆகவே கூடாரத்தால் பயிர் காயாது. நீச்சல் தொட்டியால் காயும். 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழத் தொட்டி ஒரு முறை நிரம்ப 22,000 லிட்டருக்கு மேல் குடிக்கும். பாலாறு வறண்டு கிடக்கும் மாதங்களில் அண்டைக் கொல்லைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க அதைச் செய்வது முறையல்ல.

கழிவறைதான் பெரிய கேள்வி. நம் பக்கத்தில் மேல்மண்ணுக்குக் கீழே பாறை, பாறையில் வெடிப்பு. குழியில் விட்ட கழிவுநீர் அந்த வெடிப்பு வழியே கிணற்றுக்கு வந்து சேரும். பாறை தட்டும் இடத்தில் குழி தோண்டாமல், தரைக்கு மேலே இரண்டு தொட்டி கட்டிய உலர் கழிவறை கட்டுங்கள். திருச்சி மாவட்டம் முசிறியில் இந்த முறை நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. தொட்டி ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீள அகலம், ஒரு மீட்டர் உயரம். மலம் தொட்டிக்குள், சிறுநீர் தனிக் குழாயில், கழுவும் நீர் தனிப் பள்ளத்தில். ஒவ்வொரு முறையும் இரண்டு கை சாம்பல். ஒன்று நிரம்பினால் மூடி, குறைந்தது ஓராண்டு விட்டுத் திறந்தால் காய்ந்த மண் போல இருக்கும். நாற்றமும் ஈயும் வந்தால் காரணம் ஒன்றே ஒன்று: தொட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறது. நகரத்திலிருந்து வருபவர் பழக்கத்தில் அங்கேயே கழுவிவிடுவார். படம் போட்டு ஒட்டினால் போதாது, வந்தவுடன் அழைத்துப்போய்க் காட்டுங்கள். காய்ந்த எருவை உண்ணும் பயிருக்கு இடக் கூடாது. அங்கக விதிகளும் அதைத் தடுக்கின்றன. சவுக்கு, புங்கன், பூவரசுக்கு இடலாம். குளிக்கும் நீரைக் கல்வாழைப் பாத்தி வழியே விட்டு வாழைக்குப் பாய்ச்சலாம். ஒரு வாழை நாளுக்கு 15 முதல் 20 லிட்டர் குடிக்கும். நான்கு பேர் குளிக்கும் நீருக்கு 15 வாழை போதும். மழைக்காலத்தில் அது தேங்கும், அப்போது தங்குவோரும் குறைவுதான்.

கூடாரத்துக்குள் நெருப்பு எந்த வடிவிலும் வேண்டாம். நடுவில் அடுப்பு வைப்பது அந்த நாட்டு வழக்கம் என்று மெழுகுவத்தி, கொசுவத்தி, அகல் எதையும் அனுமதிக்காதீர்கள். கதவுக்கு நேர் எதிரே, உள்ளிருந்து அவிழ்க்கும்படி 3 அடி அகலத்தில் இரண்டாவது வழி தைத்திருக்க வேண்டும். தொகுப்பில் இது இருப்பதில்லை, கேட்டுத் தைக்கச் சொல்ல வேண்டும்.

பாம்புக்குப் பயந்து யாரும் பண்ணைத் தங்கலைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. பாய் விரிக்காமல் கட்டில் போட்டு, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிட வேண்டும். சுற்றிலும் 10 அடி புல் வெட்டிய இடமாக இருக்கட்டும். தானிய மூட்டை பக்கத்தில் இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. கடிபட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உங்கள் பண்ணையிலிருந்து எத்தனை நிமிடம் என்பதை எழுதிக் கூடாரத்திலேயே தொங்கவிடுங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு எல்லையோரக் கிராமங்களில் ஆந்திரக் காட்டிலிருந்து யானை இறங்குகிறது. அங்கே இரவு நடை வேண்டாம், உணவுக் கழிவு வெளியே கிடக்கவும் கூடாது.

விளக்கும் குறைவாகவே இருக்கட்டும். ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986இல் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே வேலை செய்வதே சுற்றுவட்டார இருட்டை நம்பித்தான். முழங்கால் உயரத்தில், மேலே மறைப்பு வைத்த மஞ்சள் விளக்குப் போதும். பூச்சியும் குறையும், விருந்தினருக்கும் வானம் தெரியும்.

சாப்பாட்டில் சொல்ல அதிகமில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முள்ளுக் கத்தரிக்காயும், ஜவ்வாது மலைச் சாமையும், கேழ்வரகுக் களியும் இருக்கும்போது நகரத்து உணவைத் தேடிப் போக வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, உள்ளாட்சி அனுமதி, சுற்றுலாத் துறைப் பதிவு மூன்றையும் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள். சிகிச்சைக்காக வேலூருக்கு வரும் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசு இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும்.

விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்கும் எங்கள் வேண்டுகோள் இது. நிலைய வளாகத்தில் இரண்டு 16 அடிக் கூடாரங்களை, ஒன்றைத் தொகுப்பில் வந்தபடியும் மற்றொன்றை மேலே சொன்ன மாற்றங்களோடும் அருகருகே நிறுத்துங்கள். ஓர் அக்னி நட்சத்திரமும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் போகட்டும். உள்ளே வெளியே வெப்பத்தை மணிக்கொரு முறை பதிந்து, எந்தத் தையல் பிரிந்தது, எந்தக் கம்பு வளைந்தது, எத்தனை நாள் மின்கலம் தாங்கியது என்பதைத் தமிழில் அச்சிட்டு வங்கிகளுக்கும் விவசாயிகளுக்கும் கொடுங்கள். அந்தத் தாள் கையில் வரும்வரை, வங்கிகள் விற்பனையாளர் தரும் வருவாய்க் கணக்கை மட்டும் வைத்து விளைநிலத்தின் பேரில் கடன் கொடுக்காமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இயற்கை விவசாயிகள், கூடாரம் கட்டுவோர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.